பால்கனியில் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி: எது கைகொடுக்கும், எது கொடுக்காது

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும். சென்னையில் இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலை ஒரு வருஷமாக ஒரு அடியிலேயே நிற்கிறது. கொத்தமல்லி முளைக்கிறது, ஆனால் விரல் உயரம் வந்ததும் சாய்ந்துவிடுகிறது. புதினா முதல் மாதம் அமோகமாக வந்தது, இந்த மே வெயிலுக்குப் பிறகு குச்சிதான் மிச்சம். மூன்றும் ஒரே நீளத் தொட்டியில், தினமும் ஒரே அளவு தண்ணீர். புளித்த மோரும் ஊற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் "என்ன உரம் போடலாம்?" என்று முடித்திருக்கிறீர்கள்.

கேட்டது உரத்தைப் பற்றி என்றாலும், மனசில் இருக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன். அன்றாடச் சமையலுக்கு வேண்டிய பச்சை இலையைக் கடைக்குப் போகாமல் இந்த பால்கனியிலிருந்தே பறிக்க முடியுமா என்பதுதான் அது. கறிவேப்பிலைக்கு முடியும், ஆனால் ஒன்றரை இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும். புதினாவுக்குத் தாராளமாக முடியும், இரண்டு மாதத்திலேயே. கொத்தமல்லி வருஷத்தில் நான்கு மாதம் ஓரளவுக்கு வரும், மற்ற மாதங்களில் கடைதான். உரத்தைப் பற்றிய கவலை இதற்கெல்லாம் பிறகு வரட்டும்.

நான் தோட்டக்கலை படித்துவிட்டு நாற்றுப்பண்ணை நடத்துகிறவன். வாங்கிப் போன செடி சரியில்லை என்று தொட்டியோடு தூக்கி வருகிறவர்களைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் செடியின் படம் இல்லாததால், அதைப் பற்றி நான் சொல்வதில் சில ஊகமாகத்தான் இருக்கும். அவற்றை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன். செடிகளின் பொதுவான குணத்தைப் பற்றிச் சொல்வதில் சந்தேகம் இல்லை.

முதலில் ஒரே தொட்டி விஷயம். இந்த மூன்றும் சமையலறையில் ஒரே தட்டில் உட்கார்ந்திருப்பதால் மண்ணிலும் ஒன்றாக இருக்கும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கறிவேப்பிலை ஒரு மரம். தரையில் விட்டால் பத்துப் பதினைந்து அடி போகும், வேர் ஆழமாக இறங்கும், ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் நடுவில் மேல்மண் காய வேண்டும். புதினா தரையோடு ஓடுகிற கொடி. வேர் மேலாகவே பரவும், ஈரம் காயவே கூடாது, பாதி நிழலில் சந்தோஷமாக இருக்கும். கொத்தமல்லி மூன்று மாதப் பயிர். முளைத்து, பூத்து, காய்த்துச் சாவதுதான் அதன் திட்டம், நாம் நடுவில் புகுந்து இலையைப் பறித்துக்கொள்கிறோம். புதினாவுக்குப் போதுமான தண்ணீரை ஊற்றினால் கறிவேப்பிலையின் வேர் அழுகும், கறிவேப்பிலைக்கு ஏற்றபடி ஊற்றினால் புதினா கருகும். ஆகவே பிரியுங்கள். இதைச் செய்யாமல் வேறு எது செய்தும் பயனில்லை.

அப்புறம் வெளிச்சம். கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் காலையில் மூன்று, நான்கு மணி நேரம் வெயில் விழும். புதினாவுக்கு அது தாராளம், கொத்தமல்லிக்குப் போதும், கறிவேப்பிலைக்கு அரைகுறை. அரைகுறை என்றால் வளராது என்று அர்த்தமில்லை, மெதுவாக வளரும். உங்கள் வீட்டில் தெற்கே ஒரு ஜன்னல் திட்டு இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நன்றாகத் தெற்கே இறங்கியிருக்கும். அதனால் மே, ஜூனில் தெற்குப் பக்கம் வெயிலே படாது, கொத்தமல்லி போடுகிற மாதங்களில் அதே இடத்தில் பகல் முழுக்க வெயில் கிடைக்கும். ஜூனில் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு "இங்கே வெயில் இல்லை" என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இப்போது கறிவேப்பிலை. உங்கள் கன்று ஏன் அப்படியே நிற்கிறது? என் முதல் ஊகம்: அது ஒரு கன்று அல்ல. கவரில் விற்கிற கறிவேப்பிலையில் பெரும்பாலும் மூன்று, நான்கு, சில சமயம் ஆறு நாற்றுகள் சேர்ந்து இருக்கும். பழத்திலிருந்து எடுத்த விதையைக் கொத்தாகப் போட்டு முளைக்கவைத்தால் செடி அடர்த்தியாகத் தெரியும், சீக்கிரம் விற்கும். எங்கள் தொழிலில் இது எல்லோரும் செய்வதுதான், நானும் விலக்கல்ல. ஆனால் தொட்டியில் ஆறு மரக்கன்றுகள் ஒரே பிடி மண்ணுக்குப் போட்டி போட்டால் ஒன்றும் உருப்படாது. மண்ணோடு ஒட்டிய இடத்தைக் குனிந்து பாருங்கள். தனித்தனித் தண்டுகள் மண்ணிலிருந்து கிளம்புகின்றனவா, அல்லது ஒரே தண்டு மேலே போய்க் கிளைக்கிறதா? பல தண்டுகள் என்றால் தடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டிவிடுங்கள். பிடுங்காதீர்கள். வேர்கள் பின்னிக் கிடக்கும், ஒன்றை இழுத்தால் வேண்டியதும் சேர்ந்து அறும். பாவம் பார்த்து எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறவர்கள் அடுத்த வருஷமும் இதே கேள்வியோடு வருவார்கள்.

இரண்டாவது ஊகம், வேர் உருண்டை. நர்சரிக் கவரில் இருப்பது பல சமயம் களிமண் கலந்த கெட்டி மண். அதை அப்படியே லேசான தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டியில் இறக்கினால், சுற்றியுள்ளது ஈரமாக இருந்தும் நடுவிலிருக்கிற உருண்டை வறண்டு கிடக்கும், அல்லது நேர்மாறாகச் சேறாகவே இருக்கும். வேர் வெளியே வராமல் உள்ளேயே வட்டம் சுற்றும். தொட்டியைச் சாய்த்துக் கன்றைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வருஷம் ஆகியும் வேர் உருண்டை கவரின் வடிவத்திலேயே இருந்தால் இதுதான் காரணம். ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து, வெளிப்புற மண்ணை விரலால் மெதுவாக உதிர்த்து, வட்டம் போட்ட நுனி வேர்களை மட்டும் நறுக்கிவிட்டு, புது மண்ணில் வையுங்கள். இதைச் செய்ய இந்த வெயில் தணியட்டும். ஜூலையில் மாலை மழை இரண்டு விழுந்த பிறகு செய்தால் செடி தாங்கும்.

மண் கலவை பெரிய ரகசியம் இல்லை. கறிவேப்பிலைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மண்புழு உரம், கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. தொட்டி 15 அங்குல அகலம், அதே ஆழம், அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள். அது சுமார் 40 லிட்டர் மண் பிடிக்கும், நனைந்தால் 60 கிலோவுக்குக் குறையாது. ஆகவே பால்கனியின் வெளி விளிம்பில் வைக்காமல் வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனிகளில் இந்தச் சின்ன ஜாக்கிரதை அவசியம். இப்படிப்பட்ட கனமான தொட்டி நான்கைந்து சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கட்டட இன்ஜினியரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் என் பேச்சு செல்லாது.

செடி பிடித்து இரண்டடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். இதற்குத்தான் பலருக்கும் கை வராது. கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக மேலே போகும், பூ வைக்கும், காய்க்கும், இலை உற்பத்தி குறையும். நுனியை வெட்டினால் கீழே இலைக்கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளை புறப்படும். அவற்றையும் அரையடி வளர்ந்தபின் வெட்டினால் அதன் கீழே இன்னும் நான்கு. பறிப்பதையே கவாத்தாக வைத்துக்கொள்ளுங்கள். தாளிக்க ஒரு இணுக்கு வேண்டுமென்றால் அடியிலிருக்கிற இலையை உருவாமல், கிளையின் நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். கையால் கீழ்நோக்கி இழுத்தால் பட்டையும் சேர்ந்து உரியும். பூமொட்டு வந்தால் எடுத்துவிடுங்கள். இப்படி வளர்த்த இடுப்பளவு செடி, நாலு பேர் வீட்டுக்கு வாரம் பத்துப் பன்னிரண்டு இணுக்கு சலிக்காமல் கொடுக்கும். டிசம்பர், ஜனவரியில் கொஞ்சம் மந்தமாகும். பயந்து உரம் கொட்டாதீர்கள், பிப்ரவரி கடைசியில் தானே துளிர்க்கும்.

மோர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். சென்னையின் பல பகுதிகளில் போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. அதைத் தினமும் ஊற்றினால் தொட்டி மண் காரத்தன்மைக்குப் போகும், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அப்போது இளம் இலைகள் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். இதுவரை நிச்சயம். புளித்த மோர் அமிலம், அதனால் இரும்பு கொஞ்சம் கரைந்து கிடைக்கலாம் என்பது நியாயமான யோசனை. ஆனால் அடுத்த நாளே நீங்கள் ஊற்றுகிற போர்த் தண்ணீர் அந்த அமிலத்தைச் சமன் செய்துவிடும். "மோர் ஊற்றியதும் துளிர்த்தது" என்று சொல்கிறவர்களில் பலர் அதே வாரம் கிளையையும் வெட்டியிருப்பார்கள், வெயில் காலமும் முடிந்திருக்கும். எது வேலை செய்தது என்று யார் பிரித்துச் சொல்வது? ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினால் கெடுதல் இல்லை. கெட்டியாக ஊற்றினால் நாற்றம், ஈ, எறும்பு எல்லாம் வரும்.

மேலே சொன்ன மாதிரி நரம்பு பச்சை, இலை மஞ்சள் என்று தெளிவாகத் தெரிந்தால் மோரை நம்பாமல் அன்னபேதி உப்பை (இரும்புச் சத்துள்ள ஃபெரஸ் சல்பேட்) வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராமுக்கு மேல் போகாமல், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து, சாயங்கால நேரத்தில் இலை நனையத் தெளித்துவிட்டு, ஒரு வாரம் பறிக்காமல் இருங்கள். அதற்குமுன் ஊற்றுகிற தண்ணீரை மாற்ற வழி இருக்கிறதா பாருங்கள். மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் அதை இந்தத் தொட்டிக்கு ஒதுக்குங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல தண்ணீரை அடியில் வடிகிற அளவுக்கு இரண்டு மூன்று முறை ஊற்றிக் கழுவிவிடலாம். அடி இலைகள் முழுக்க மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு: தழைச்சத்து போதவில்லை, அல்லது வேர் தண்ணீரில் நிற்கிறது.

பூச்சி விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தை குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் எலுமிச்சை இலையைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் இதற்கும் வரும். இலைமேல் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பொட்டு இருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி ஒரு நெடி அடிக்கும். அதுதான் குட்டிப் புழு. வளர்ந்தால் இலையின் பச்சையிலேயே மறைந்துகொள்ளும், விரல் நீளம் வரும், சின்னக் கன்றை நான்கு நாளில் மொட்டையாக்கிவிடும். மருந்து தேவையில்லை. காலையில் ஒருமுறை பார்த்துக் கையால் எடுத்துவிட்டால் போதும். மனசு வராவிட்டால் தெருவில் எங்காவது பெரிய எலுமிச்சை மரம் இருந்தால் அதில் விட்டுவிடுங்கள். நுனித் துளிர் சுருண்டு, பிசுபிசுப்பாக, எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் அது சாறு உறிஞ்சும் பூச்சி. அந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். மாவுப்பூச்சிக்கும் இதுவேதான்.

கடையில் யாராவது "இதை ஒரு சொட்டு ஊற்றுங்கள், பூச்சியே வராது" என்று இமிடாக்ளோபிரிட் மாதிரி மருந்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறும், கழுவினாலும் போகாது. கடைக் கறிவேப்பிலையை நம்ப முடியவில்லை என்றுதானே வீட்டில் வைக்கிறோம்? அந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போகிற காய்கறியில் மருந்து எச்சம் இருப்பதாகக் கேரளத்தில் 2015 வாக்கில் பெரிய பேச்சு எழுந்தபோது கறிவேப்பிலையும் அதில் அடிபட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியக் கறிவேப்பிலையைக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தது. அதற்காகக் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் விளைகிற எல்லாக் கட்டிலும் விஷம் என்று சொல்வது அநியாயம். நர்சரியில் வாங்குகிற கன்றும் மருந்து அடித்ததாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதுக் கன்றை வாங்கினால் முதல் ஒன்றிரண்டு மாதம் வரும் புதுத் துளிர் வளரட்டும், அதன் பிறகு பறிக்க ஆரம்பியுங்கள்.

தீட்டு நாளில் தொட்டதால்தான் கருகியது என்று உங்கள் மாமியார் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. தண்ணீர் ஊற்றாமல் விட்டால்தான் கருகும்.

புதினாவுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. கட்டு வாங்கும்போது தடித்த தண்டும், அடிக்கணுவில் வெள்ளையாக வேர் எட்டிப்பார்ப்பதுமாக நாலைந்தைப் பொறுக்கி எடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். தொட்டி ஆழமாக இருக்க வேண்டாம், ஆறு அங்குலம் போதும், ஆனால் அகலமாக இருக்கட்டும். பழைய பிளாஸ்டிக் டப்பில் அடியில் ஓட்டை போட்டாலே போதுமானது. செம்மண் பாதி, தென்னை நார்க்கழிவு பாதி, இரண்டு கை மண்புழு உரம். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அந்தப் பழுப்புத் தண்ணீரை இரண்டு மூன்று முறை பிழிந்து கொட்டிவிடுங்கள், அதில் உப்பு இருக்கும்.

உங்கள் புதினா ஏன் குச்சியானது? மே வெயில் ஒரு காரணம். பெரிய காரணம், நீங்கள் இலையை மட்டும் உருவியிருப்பீர்கள். புதினாவைத் தண்டோடு, மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு மொத்தமாக அறுக்க வேண்டும். அப்போதுதான் கணுவிலிருந்து புதுத் தளிர் எழும்பும், மண்ணுக்குள் ஓடுகிற தண்டும் வெளியே தலைகாட்டும். இப்போது மிச்சமிருக்கிற குச்சியையும் அப்படி அறுத்துவிட்டு, ஒரு பிடி உரம் தூவி, நிழல் பக்கம் தள்ளி வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் செத்திருக்காவிட்டால் மூன்று வாரத்தில் பச்சை கட்டும். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி மாதிரி புள்ளி இருந்தால் அது துரு நோய். அந்தத் தண்டுகளைக் குப்பையில் போடுங்கள், தொட்டியில் மட்கவிட வேண்டாம். இரண்டு டப்பாக வைத்துக்கொண்டால் ஒன்றை அறுக்கும்போது மற்றது வளர்ந்துகொண்டிருக்கும். துவையலும் பிரியாணியும் அதிலேயே நடந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை டப்பைக் கவிழ்த்து, நல்ல தண்டுகளை மட்டும் புது மண்ணில் நடுங்கள். பழைய வேர் முழுத் தொட்டியையும் அடைத்துக்கொண்டு நடுப்பகுதி வெறுமையாகிவிடும்.

கொத்தமல்லியில்தான் எல்லோரும் மனசு உடைகிறார்கள், பெரும்பாலும் அவர்கள் தப்பில்லை. அது குளிர்ப் பயிர். சமவெளியில் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விதைத்தால்தான் இலை பார்க்கலாம். வெயிலில் முளைப்பதே குறையும், முளைத்தாலும் சீக்கிரம் தண்டு நீண்டு, இலை நூல் நூலாகி, பூத்துவிடும். கோடையில் விவசாயிகளே நிழல்வலை கட்டித்தான் எடுக்கிறார்கள். நீங்கள் ஏப்ரலில் விதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது வராததற்கு நீங்கள் காரணமே இல்லை.

சாய்ந்துவிடுகிறது என்றீர்களே, அதில் இரண்டு வகை உண்டு. நாற்று வெளிறி, ஒல்லியாக, ஒரு பக்கமாக வளைந்து படுத்திருந்தால் வெளிச்சம் போதவில்லை. மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டு நூல் மாதிரி சிறுத்து, பழுப்பாகி, நீர்கோத்து, காலையில் நின்றது சாயங்காலம் வட்ட வட்டமாக விழுந்து கிடந்தால் அது நாற்றழுகல். மண்ணிலிருக்கிற பூஞ்சையால் வருவது. நெருக்கமாக விதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, காற்று இல்லாமல் வைத்தால் நிச்சயம் வரும். விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அடுத்த தடவை விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் புரட்டி விதையுங்கள். கிலோவுக்கு 4 கிராம் என்பது அளவு, உங்கள் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். மண்ணின் மேல்பரப்பு வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர்.

விதைக்கு மளிகைக்கடைத் தனியாவே போதும், புதிதாக இருந்தால் சரி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ ரகங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது, கட்டாயமில்லை. ஒரு தனியாவுக்குள் இரண்டு விதை இருக்கும். பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், இரண்டு விரல் இடைவெளியில் போடுங்கள். முளைக்க எட்டுப் பத்து நாள் ஆகும், அதற்குள் தோண்டிப் பார்க்க வேண்டாம். ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் பிடிக்காது, எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதையுங்கள்.

ஆனாலும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை அடிக்கு ஒரு அடி வளர்ப்புப் பையில் நாற்பது நாளில் கடைக்கட்டு அளவுக்கு ஒரு கட்டு வரும். உங்கள் வீட்டில் இரண்டு நாளைக்கு ஒரு கட்டு செலவாகிறது என்றால், இடைவிடாமல் எடுக்க இருபது பை வேண்டும். பால்கனியில் நிற்க இடமிருக்காது. ஆகவே கொத்தமல்லியை ரசத்தில் கிள்ளிப்போட, பொங்கல் சமயத்தில் ஒரு சட்னி அரைக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை.

சென்னை வெயிலுக்குப் பழகிய மாற்றுகளும் உண்டு. வெந்தயத்தைத் தூவினால் மூன்று நாளில் முளைக்கும், இருபத்தைந்து நாளில் கீரை. கற்பூரவல்லி ஒரு கிளையைச் செருகினால் போதும், அதைக் கொல்ல வேண்டுமென்றால் தண்ணீரை அதிகம் ஊற்ற வேண்டும். பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் ஆகும். கேரள நர்சரிகளில் ஆப்பிரிக்க மல்லி என்று நீள இலையும் பல் விளிம்பும் உள்ள செடி விற்கிறார்கள். வாசனை அப்படியே கொத்தமல்லிதான், கொஞ்சம் காட்டமாக இருக்கும். நிழலிலும் கோடையிலும் வரும். குழம்பு கொதிக்கும்போதே போடலாம், பச்சையாக அரைத்தால் சிலருக்குப் பிடிக்காது. பாஸ்தாவுக்குத் துளசி மாதிரி ஏதோ வேண்டும் என்று உங்கள் மகள் கேட்டாளாமே, சப்ஜா விதையைத் தூவுங்கள். அது திருநீற்றுப்பச்சிலை. இத்தாலிய பேசிலும் அதே இனம்தான், வாசனை சற்று மாறும். ரோஸ்மேரியில் காசைப் போடாதீர்கள். ஊட்டி, கொடைக்கானலில் புதராக வருவது சென்னைப் புழுக்கத்தில் வேரழுகிப் போகும்.

இனி நீங்கள் கேட்ட உரம். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. அவ்வளவுதான். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம். முட்டை ஓடு கரைய வருஷக்கணக்கில் ஆகும். சர்க்கரை போட்ட டீத்தூளைக் கொட்டினால் எறும்பு வரும், எறும்பு மாவுப்பூச்சியைக் கூட்டி வரும். பஞ்சகவ்யம் கொடுக்க விரும்பினால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து மண்ணில் ஊற்றுங்கள். சாணமும் கோமியமும் சேர்ந்தது என்பதால் சட்னிக்குப் பச்சையாக அரைக்கிற இலைமேல் தெளிப்பது எனக்கு உடன்பாடில்லை.

இப்போது ஜூன். இந்த வாரமே புதினாவை அறுத்துவிட்டுத் தனி டப்பில் மாற்றுங்கள், கற்பூரவல்லிக் கிளை ஒன்று யாரிடமாவது வாங்கிச் செருகுங்கள். ஜூலையில் கறிவேப்பிலையைக் கழற்றிப் பார்த்து, பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரரின் சண்டை மிச்சம், ஆனால் அந்தத் தண்ணீரை அன்றன்றைக்கே கொட்டிவிட வேண்டும், டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும். மழைக்காலம் முழுக்க இதை மறக்கக்கூடாது. கொத்தமல்லி விதையை அக்டோபர் கடைசி வரை எடுக்கவே எடுக்காதீர்கள். திறந்த மாடியில் விதைப்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை நாற்றை அடித்துச் சாய்த்துவிடும், உங்களுக்கு மேலே கூரை இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பத்து நாளைக்கு ஒரு பை என்று நான்கு பை விதைத்தால் டிசம்பரிலிருந்து பறிக்கலாம். அதற்குமுன் கறிவேப்பிலையின் அடித்தண்டையும், இளம் இலை ஒன்றையும் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டால், நான் ஊகமாகச் சொன்னதில் எது சரி என்று பார்த்துவிடலாம்.